ஜபமாலை எண்ணிக் கழுவிய ரோல்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் மனைவிக்கு முகம் கிடையாது. கலர்ப் படங்கள்தான். முகூர்த்தப் புடவையின் ஜரிகை தெரிகிறது, மாலையில் ஒவ்வொரு பூவும் தெரிகிறது, என் வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசுகிறது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் மூக்குத்தி மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. அவளுடைய அம்மா போட்ட ஏழு கல் மூக்குத்தி அது.

அவள் நல்ல கறுப்பு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சொந்த ஊரான ராமாபுரத்தில் அம்மனும் கறுப்புதான், மாதேஸ்வரன் மலையில் இருக்கிற லிங்கமும் கறுப்புதான். படம் எடுத்தவருக்குப் புடவையும் நகையும் நன்றாக விழ வேண்டும் என்ற கவலை இருந்திருக்கிறது. முகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இப்போது போனில் எடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. போன் தானாகவே அவளை வெளுக்க வைத்துவிடும். கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் போன வருஷம் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். என் மனைவி அதைத் தூரமாக நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆருங்க? உங்க சின்னாயி மாதிரி இருக்குது."

"நீதான் புள்ள."

"நானு இம்புட்டு செவப்பா இருந்திருந்தா உங்களக் கட்டியிருப்பனா?" என்றாள். 

எனக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மைசூருக்கு வந்து பல வேலை பார்த்தேன். கடைசியாகச் சேர்ந்தது தேவராஜ மொஹல்லாவில் மாடியில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில். கீழே பழக்கடை, ஜூஸ் கடை. மேலே பாஸ்போர்ட் போட்டோ, பிரிண்ட், லேமினேஷன். ஸ்டுடியோவை நடத்துவது ஒரு அம்மாள். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர் என்பதால் பாதிப் பேச்சு கன்னடத்தில் போகும். நான் காலையில் திருநீறு பூசிக்கொண்டு போவதால் என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் மேடம் என்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கொண்டுவந்து கழுவித் தருவீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேடம் முடியாது என்று யாரிடமும் சொல்கிறவர் அல்ல. பின்னால் இருந்த குளியலறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தோம். மருந்து டப்பாவோடு வந்த தாளையும் மேடம் படித்துச் சொன்னதையும் வைத்துக்கொண்டு நான் கழுவிப் பழகினேன். ஆரம்பத்தில் சில ரோல்களைக் கெடுத்தேன். பிறகு கை வந்துவிட்டது.

கழுவுவதில் நான் புரிந்துகொண்டது இதுதான். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். உலகத்தில் வெளிச்சமாக இருப்பது ஃபிலிமில் கறுப்பாகப் படியும். இருட்டாக இருப்பது கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். டெவலப்பர் என்ற மருந்தை ஊற்றினால் இருட்டுப் பகுதி அதற்கு வரவேண்டியதை முதல் சில நிமிஷங்களிலேயே வாங்கிக்கொண்டு பெரும்பாலும் நின்றுவிடும். வெளிச்சப் பகுதி அப்படி நிற்காது. வைத்திருக்க வைத்திருக்க மேலே மேலே கறுத்துக்கொண்டே போகும். நேரம் கூடினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடும். அதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். மருந்து சூடாக இருந்தாலும், ஃபிலிமும் மருந்தும் இருக்கிற மூடிய டேங்கை அதிகமாகக் குலுக்கினாலும் அதே கதைதான். ஆகவே இருட்டான இடத்துக்கு வேண்டியதைப் படம் எடுக்கும்போதே தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும். கழுவும்போது அதைக் கொடுக்க முடியாது. கழுவும்போது நம் கையில் இருப்பது வெளிச்சம் எவ்வளவு தூரம் போகலாம் என்பது மட்டும்தான்.

எங்கள் மருந்துக்கு இருபது டிகிரியில் பதினோரு நிமிஷம். மைசூர்க் குழாய்த் தண்ணீர் சித்திரையில் இருபத்தாறுக்கு வரும். கீழே ஜூஸ் கடையில் ஒரு கட்டி ஐஸ் வாங்கி, தண்ணீர் நிரப்பிய பேசினில் போட்டு, அதற்குள் டேங்கை வைத்துக் குளிர்த்துவேன். டேங்க் மூடியபிறகு விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழுவினேன். பதினோரு நிமிஷம் கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தை இறைவனுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றியது. மலையில் வாங்கிய நூற்றெட்டு மணி ருத்திராட்ச மாலை என்னிடம் உண்டு. ஓம் நமசிவாய என்று சொல்லி எண்ணினால் ஒரு மாலைக்கு மூன்று நிமிஷம் ஆனது. பல தடவை கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. முப்பத்தாறாவது மணிக்குப் பக்கத்திலும் எழுபத்திரண்டாவது மணிக்குப் பக்கத்திலும் சிவப்பு நூல் கட்டினேன். மாலை முடிகிற மேரு மணியில் ஏற்கெனவே நூல் உண்டு. ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு ஒரு நிமிஷம். நூல் விரலில் பட்டதும் டேங்கை நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். மூன்று மாலையும் எழுபத்திரண்டு மணியும் ஆனால் பதினோரு நிமிஷம். ரோலும் கழுவியாயிற்று, ஜபமும் ஆயிற்று.

மேடம் அறைக் கதவைத் தட்டி, "ஏன்ரீ சாமி, ஃபிலிமுக்குத் தீர்த்தம் குடுத்தாச்சா?" என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் அவர் நெகட்டிவ் கவர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, ஒரு விஷயம் கேட்டா கோச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நீங்க கழுவற ரோல் மாத்திரம் ஜாஸ்தி கான்ட்ராஸ்ட்டா வருதே, ஏன்?"

"அப்படியெல்லாம் இருக்காதுங்க மேடம்."

"நோடி, பாருங்க, தேதி போட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை உங்களுக்கு பக்தி ஜாஸ்தியா?"

"மந்திரம் மந்திரந்தானுங்க. வெள்ளிக்கெழமைக்குன்னு தனி வேகமா இருக்குது?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் விட்டுவிட்டார்.

அந்த மாசியில் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நெல்லிக்காய் அளவு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவள் எப்போதும்போல் சமைத்தாள், வாசல் தெளித்தாள், சீரியல் பார்த்தாள். ஏழாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எந்தப் படத்த மாட்டுவீங்க?"

"என்ன பேச்சு இது, சோறு திங்கற நேரத்துல?"

"இல்லீங்க, ரோசனை பண்ணிப் பாத்தன். ஆல்பத்துல மொகமே இல்ல. போன்ல இருக்கறது நானே இல்ல. ஊரான் ஊட்டுப் படமெல்லாம் கழுவறீங்க. என்னைய இருக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுக்க மாட்டீங்களா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ரசம் ஊற்றட்டுமா என்பதும் அதே குரலில்தான். 

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, வெறும் நீர்க்கட்டி. அம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் முன்பே வேண்டிக்கொண்டிருந்தாள். ராமாபுரத்தில் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்கும்போதே படத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மேடம் தன் கேமராவையும் இரண்டு ரோலையும் கொடுத்தார். "உங்க வீட்டம்மாவை நல்லா எடுங்க. கெடுத்தீங்கன்னா நான் கேக்க மாட்டேன், அவங்க கேப்பாங்க" என்றார்.

அன்றைக்கு வெயில் உச்சி மண்டையைப் பிளந்தது. மஞ்சள் புடவை, தலையில் பளபளக்கும் பித்தளைக் குடம், குடத்தின் நிழலில் அவள் முகம். இதைவிடக் கஷ்டமான படம் இருக்க முடியாது. குடம் சூரியனைப் போல மின்னுகிறது, முகமோ கிணற்றுக்குள் இருப்பது போல இருட்டில் இருக்கிறது. நான் குடத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பக்கத்தில் போய் முகத்தை மட்டும் அளந்தேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அது சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். அதனால் அது சொன்னதில் ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கறுப்பு கறுப்பாக இருக்கும். குடம் வெளுத்துப் போகாமல் கழுவும்போது பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

முகத்தை எடுக்க வேண்டும் என்றால் அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடக்க வேண்டும். கோயில் எனக்குப் பின்னால் இருந்தது. பங்காளி ஒருவர் கூட்டத்திலிருந்து சத்தம் போட்டார்.

"என்னப்பா, சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பொண்டாட்டி மொகத்தப் பாத்துக்கிட்டே போற? இத்தன வருசமாப் பாக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்கும் சிரிப்பு வந்தது, குடம் ஆடியது. நான் மனதுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். கோயில் வாசலை அடைவதற்குள் முதல் ரோலில் முப்பத்தாறு படமும் முடிந்துவிட்டது. பாலை அபிஷேகத்துக்கு ஊற்றியபிறகு வெளியே குழாயடிக்கு வந்து நின்றாள். குடத்திலிருந்து வழிந்த பால் நெற்றியிலும் கன்னத்திலும் சொட்டுச் சொட்டாக நின்றது. இரண்டாம் ரோலைப் போட்டு அங்கே ஒன்பது படம் எடுத்தேன். அதற்குள் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

மைசூருக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமை முதல் ரோலைக் கழுவினேன். நல்ல நாள் என்று நானேதான் பார்த்து வைத்தேன். அந்த வெயிலுக்குப் பதினோரு நிமிஷம் ஆகாது, எட்டுப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதாவது ஒரு மாலை குறைவு. இரண்டு மாலையும் எழுபத்திரண்டு மணியும். ஐஸ் போட்டு, இருபது டிகிரி பார்த்து, மருந்தை ஊற்றி, மாலையைக் கையில் எடுத்தேன். அன்றைக்கு மந்திரம் நன்றாக வந்தது. ஒவ்வொரு மணியிலும் நின்று சொன்னேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஈஸ்வரா, அவளைக் கொடுத்தாயே, இந்தப் படத்தையும் கொடு என்று கேட்டேன். நூல் விரலில் பட்டபோதெல்லாம் தவறாமல் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். எண்ணிக்கையில் ஒரு மணிகூடத் தப்பவில்லை.

மருந்தைக் கொட்டும்போது பேசினில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்ததைப் பார்த்தேன். எட்டு நிமிஷத்தில் ஒரு கட்டி ஐஸ் அப்படிக் கரையாது. எனக்கு அது உறைக்கவில்லை. படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவில் போட்டு, அலசி, ரோலை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்.

குடம் கரியாக இருந்தது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெகட்டிவைக் கன்னடப் பேப்பர்மேல் வைத்தால் அதன் மிகக் கறுத்த இடத்தின் வழியாகவும் எழுத்துத் தெரிய வேண்டும். குடத்தின் வழியாக எதுவும் தெரியவில்லை. மஞ்சள் புடவைகூட மையைப் பூசியது போல இருந்தது.

மேடம் வந்து பார்த்தார். "எத்தனை நிமிஷம் வச்சீங்க?"

"எட்டுங்க."

"எட்டா? நீங்க உள்ள போனப்போ நான் காபிக்குக் கீழ போனேன். குடிச்சுட்டு வந்து ஒரு ஃபேமிலிக்கே பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாச்சு. அப்பவும் நீங்க வரல. சாமி, உக்காருங்க. மாலையை எடுங்க."

போனில் நேரத்தைப் போட்டுவிட்டு எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஒரு மாலை முடிந்ததும் காட்டினார். மூன்று நிமிஷத்துக்கு ஐந்து நொடி குறைவு. எனக்குத் தைரியம் வந்தது.

"சரி. இப்ப வீட்டுல அம்மாவுக்கு ரிசல்ட் வரலேன்னு வச்சுக்குங்க. அப்படி நெனச்சுட்டு எண்ணுங்க."

அப்படியே எண்ணினேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். நாலரை நிமிஷம் தாண்டியிருந்தது. அவர் கிண்டல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராகக் கௌன்டருக்குப் போய்விட்டார்.

நாலு வருஷமாக அந்தக் குளியலறையில் வெள்ளிக்கிழமைதோறும் என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இறைவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடிகாரம் செய்ய வேண்டிய வேலையை ஜபத்தின் தலையில் கட்டியது நான். கூடவே மேடத்திடம் கோபப்பட்டதும் நான்.

முதல் ரோலை விட்டுவிட மனமில்லை. பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். முகத்துக்கு ஏற்ற வெளிச்சம் வைத்தால் குடம் இருந்த இடம் வெள்ளையாக ஒரு ஓட்டை. குடத்துக்கு ஏற்ப வைத்தால் முகம் மறுபடியும் கறுப்பு வட்டம், அதே கல்யாண ஆல்பம். கான்ட்ராஸ்ட் குறைக்கிற ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் வந்தன. ஆனால் எல்லாம் சேர்ந்து சாம்பலாகிவிட்டது. அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறைத்து என்ன பிரயோஜனம்?

அவள் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"எம்மேல திருநீத்தக் கொட்டிட்டீங்களாட்ட இருக்குது."

"கழுவறதுல தப்புப் பண்ணிட்டன் புள்ள. நேரம் கூடிப்போச்சு."

"எப்படிங்க கூடும்? மால எண்ணித்தானே கழுவுவீங்க?"

நடந்ததைச் சொன்னேன். நான் உனக்காக வேண்டிக்கொண்டேன், அதனால் நேரம் போய்விட்டது என்றேன். அவள் படத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்மன்கிட்ட நான் கேட்டது எனக்குக் கெடச்சுது. நீங்க கேட்டது கெடைக்கல. கேக்கற எடத்துல கேக்கோணும், குளிக்கற ரூம்புல நின்னு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மிச்சம் இருந்தது ஒன்பது படம் உள்ள இரண்டாம் ரோல். மூன்று நாள் அதைத் தொடவே பயமாக இருந்தது. ஒவ்வொரு நாள் சாயந்திரமும் அவள் என் பையைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வீட்டில் சாமி கும்பிடும்போதே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்தேன். ஸ்டுடியோவுக்குப் போனதும் மாலையைக் கழற்றிக் குளியலறைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினேன். மேடத்தின் போனை வாங்கிக் கண்ணுக்கு நேராக வைத்தேன். எட்டு நிமிஷம். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நாலு தடவை, மெதுவாக. தெர்மாமீட்டரை மூன்று தடவை பார்த்தேன். வாய் தானாக முணுமுணுக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நிமிஷம் கிடையாது. நேரம் முடிந்ததும் கொட்டினேன். ஐஸ் பாதி மிச்சம் இருந்தது.

காய்ந்தபிறகு பேப்பர்மேல் வைத்தேன். மிகக் கறுத்த இடம் கன்னத்தில் நின்ற பால்சொட்டு. அதன் வழியாகவும் எழுத்துத் தெரிந்தது. மேடம் எட்டிப் பார்த்து, "சாமி, இது சரியாச்சு" என்றார். "மேடம், வெள்ளிக்கிழமை விஷயம் நீங்க சொன்னதுதானுங்க சரி" என்றேன். "அது எனக்கு அப்பவே கொத்து" என்று சிரித்தார். தெரியும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். இன்னும் வெயில் இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தில் அவள் கறுப்பாக இருந்தாள். அந்தக் கறுப்புக்குள் எல்லாம் இருந்தது. கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கம், மேல் உதட்டில் வியர்வை, சின்ன வயதில் விழுந்து நெற்றியில் ஆன தழும்பு, கழுத்தில் ஊசி போட்ட இடம். பால்சொட்டுகள் வெள்ளையாக, ஆனால் உருண்டையாக, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நிழலோடு நின்றன.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லுவாள், அல்லது அழுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏனுங்க, ஆறு கல்லுதான் இருக்குது."

"என்ன ஆறு?"

"மூக்குத்தில. எண்ணிப் பாருங்க. அடியில ஒண்ணு காணம்."

நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடி பையில் இருந்தது. எடுத்துப் படத்தில் பார்த்தேன். பிறகு அவளை வெளிச்சத்துக்கு இழுத்து மூக்கிலேயே வைத்துப் பார்த்தேன். ஆமாம், கீழே ஒரு குழி காலி. அதில் மஞ்சள் அடைத்துக்கொண்டிருந்தது. எப்போது விழுந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை, தினமும் பார்க்கிற எனக்கும் தெரியவில்லை. பையிலிருந்து முதல் ரோலையும் எடுத்து, பால்குடம் கிளம்பிய இடத்துப் படத்தைப் பார்த்தேன். அதிலும் அந்தக் குழி காலியாகவே இருந்தது. அப்படியானால் கோயிலில் விழவில்லை.

"எங்கம்மா போட்டதுங்க. எத்தன வருசமா ஆறு கல்லோட திரிஞ்சனோ" என்று மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிறகு படத்தை பீரோமேல், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி, சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதையே மாட்டிக்கலாம். ஆனா நாளைக்கே ஆசாரிகிட்டப் போயி கல்லு வெச்சுக்கிட்டு வந்தர்றன். அதுக்கப்பறம் இன்னொண்ணு எடுங்க."

"எடுக்கறன் புள்ள."

"எடுக்கறது எந்த நாளா வேணா இருக்கட்டும்" என்றாள். "கழுவறது மட்டும் வெள்ளிக்கெழம வேண்டாங்க."